மணிக்கு ஐம்பது

ஆண்டறிக்கைக்கு நான்கு பக்கம் போதும் என்றார் தலைவர்.
நான்கில் ஒன்று விளம்பரத்துக்கு:
திருகாணிக் கடை, பெயின்ட் கடை,
நடுவில் அவருடைய மைத்துனரின் கிரேன்.

மீதி மூன்றில்
புந்தா அரேனாஸ் கூரை வேய்வோர் சங்கத்தின் ஒரு வருடம்.

மார்ச்: பொதுக்குழு. வந்தவர் முப்பத்து நான்கு.
ஏப்ரல்: பாதுகாப்பு வார் கட்டும் பயிற்சி, இரண்டு சனிக்கிழமை.
பத்தொன்பது பேர் தேறினார்கள்.
(தேறாதவர் ஓவிதியோ ஒயார்சோ.
முப்பது வருடம் வாரில்லாமல் ஏறியவர்.
கொக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு
"இது குதிரைக்கா?" என்றார்.
அது அறிக்கையில் வராது.)

மே: தீர்மானம்.
மணிக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் காற்றடித்தால்
கூரையில் ஆள் நிற்கக் கூடாது.
அன்றைய கூலி நிற்கக் கூடாது.

முதல் வரிக்கு எல்லாக் கைகளும் உயர்ந்தன.
இரண்டாம் வரிக்குப் பதினேழு.
எதிர்த்துப் பதினாறு.
ஒருவர் அந்த நேரம் பார்த்துக் காப்பி ஊற்றப் போனார்.
பாரியா எழுந்தார், சிகரெட் இருமல் முன்னே வர:
"காற்றுக்குக் கூலி கொடுக்கிற ஊர் எது, நெலிடா?"
சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.
எனக்கும் ஆறு ஆட்கள், வங்கியில் ஒரு கடன்.

ஜூன்: சூரியன் பத்து மணிக்கு வந்து
ஐந்தரைக்கே கிளம்பிவிடும் மாதம்.
ஆட்டிறைச்சி விருந்து. கடிதங்கள்.

ஆகஸ்ட்: வல்பராய்சோ.
துணைக்குழு அறையில் ஐந்து நிமிடம் என்று சொல்லி
மூன்று கொடுத்தார்கள்.
எங்கள் ஊரில் தெருமுனையில்
பிடித்து நடக்கக் கயிறு கட்டுவோம் என்றேன்.
குறிப்பெழுதுபவள் மட்டும் நிமிர்ந்தாள்.
காற்று பிய்த்துப் போட்ட தகரம் ஒன்றை மேசைமேல் வைத்தேன்.
உறுப்பினர் ஒருவர் அதன்மேல் கோப்பையை வைத்தார்.
சன்னல் திறந்துதான் இருந்தது.
ஒரு காகிதமும் அசையவில்லை.

செப்டம்பர்: யெர்க்கோ, இருபத்து மூன்று வயது,
துறைமுகக் கிடங்கின் கூரை.
அவனுடைய முதலாளி நம் உறுப்பினர் அல்ல.
ஆகவே செப்டம்பரில் ஒன்றுமில்லை.
மலர்வளையம் கணக்கில் இருக்கிறது,
"இதர" என்ற தலைப்பில்.

அக்டோபர்: சட்டவரைவு திரும்பி வந்தது.
"நிறுத்த வேண்டும்" போய்
"நிறுத்தலாம்" வந்திருந்தது.
கூலி வரியைக் காணோம்.
அது இருந்த இடத்தில் ஒரு காற்புள்ளி மட்டும்,
இறங்கச் சொன்னது காதில் விழாத ஆள் போல.
"கோரிக்கை பகுதியளவில் ஏற்கப்பட்டது."
தலைவரின் வாக்கியம். அப்படியே தட்டச்சு செய்தேன்.

நவம்பர்: சந்தாப் பணத்தில் ஒரு காற்றுமானி.
சங்கக் கட்டடத்தின் உச்சியில் நட ஒயார்சோதான் ஏறினார்.
வார் கட்டியிருந்தார்,
முன்னும் பின்னும் மாற்றி.

அதிலிருந்து காலை ஆறரைக்குத் தொலைபேசி.
வணக்கம் கிடையாது, பெயர் கிடையாது.
"எவ்வளவு?"
"நாற்பத்திரண்டு."
"எவ்வளவு?"
"ஐம்பத்தைந்து."
அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு,
ஏணியை வண்டியில் திரும்ப ஏற்றும் சத்தம்.

சட்டம் யாரையும் கேட்கச் சொல்லவில்லை.

நேற்று அறுபத்தொன்று.
கேட்டவர் குரலை மாற்றிக்கொண்டு கேட்டார்.
இருமலை மாற்ற முடியவில்லை.
பெயர் சொல்லாமல் நானும் கேட்டேன்:
"கூலி?"
கொஞ்ச நேரம் அவர் பக்கத்துக் காற்று மட்டும் பேசியது.
பிறகு, "அரை நாள்."
வைத்துவிட்டார்.

நான்காம் பக்கத்தில், திருகாணிக் கடைக்குக் கீழே
இரண்டு விரற்கடை இடம் மிச்சமிருக்கிறது.
தொலைபேசி எண்ணை அங்கே போடச் சொன்னேன்.
கொஞ்சம் பெரிய எழுத்தில்.