சேறு கழித்த எடை

தலாவில், ஓடையில் கட்டிப்போட்ட ஸ்டீமரைக்
கூறு போட்டு விற்கிறார்கள்.
எடை எழுதுவது என் வேலை.
நான் வீசை என்பேன், டோ கின் ந்வே பெய்த்தா என்பாள்;
கல் ஒன்றுதான்.

முதல் நாள் இடப்பக்கத்துச் சக்கரம்.
பதினொரு பலகை, ஒன்றைக் காணோம்.
பிறகு மணி. வெண்கலம், விளிம்பில் கீறல்.
தட்டிப் பார்த்தாள்; தகரம் போல் இருமியது.

பேருக்கு மூன்று தோல்.
மேலே வெறும் எண்.
சுரண்டினால் ஹின்தா என்று வட்ட எழுத்து,
அதற்கும் கீழே ஏதோ வெள்ளைக்காரன் ஊர்ப்பேர்,
பாதி எழுத்து துருவோடு கையில் வந்தது.

ப்ரோமுக்கு மேலே மணல்திட்டு
மழைக்கு மழை இடம் மாறுமாம்.
முன்தளத்தில் மூங்கில் கழியோடு நின்று
ஆழம் கூவிக்கொண்டே வந்த
சிட்டகாங்காரன் ஜப்பார்
சாய்ந்து சாய்ந்து கைக்கம்பியில் விழுந்த பள்ளம்
என் கட்டைவிரலுக்கு அளவாக இருந்தது.
அதையும் இரும்பு என்றே எழுதினேன்.

கொதிகலன் சுத்தம்.
அதற்கும் கீழே, இரண்டு தகட்டுக்கு நடுவில்தான்
சேறு.
சந்தியாகு காஸ் கட்டரால் மேல் தகட்டைத் திறந்ததும்
மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்தான்.
சாம்பல், அடியில் மஞ்சள், அதற்கடியில் கறுப்பு,
வாய் திறக்காத சிப்பிகள்.

நாற்பத்திரண்டில், ஜப்பான்காரன் கைக்குப் போகக்கூடாதென்று
ஓட்டியவர்களே இதற்கு ஓட்டை போட்டார்கள்.
நான்கு மழை ஆற்றுக்கடியில் கிடந்தது.
தூக்கினார்கள், கழுவினார்கள், புதுப்பேர் எழுதினார்கள்,
இன்னொரு முப்பது வருஷம்
நெல், எருமை, கல்யாணக் கூட்டம், பிக்குகள்.
எல்லாரும் ஏறினார்கள், இறங்கினார்கள்.
கழுவியவன் இந்த மூலைக்குக் கை நீட்டவில்லை.

"ஆற்றுக்கு நான் ஏன் காசு கொடுக்கணும்?"
என்றாள் டோ கின் ந்வே.
நியாயம்.
ஈரமாக எடுப்பதா, காயவைத்தா?
அதற்கு அரை நாள் சண்டை.
ஈரமாகவே நிறுத்தோம்,
மண்ணெண்ணெய் டின் ஒவ்வொன்றாக:
இருநூற்று நாற்பத்தொரு வீசை.
கழிவு என்ற பத்தியில் எழுதிக் கோடு போட்டேன்.
டின்னை ஓடையில் கவிழ்த்தார்கள்.
தண்ணீர் கொஞ்ச நேரம் கலங்கி, பிறகு
பழைய நிறத்துக்கே வந்தது.

சாயங்காலம் ஏற்றம்.
சக்கரம் இல்லை, புகைபோக்கி இல்லை, மணி இல்லை.
மிச்சம் இருந்த அடிக்கட்டை
ஒரு சாண் எழும்பிக்
கரையில் இடித்தது.
கயிறு முறுக்கேறி முனகியது.
கட்டரைப் பற்றவைக்கப் போன சந்தியாகு
தீக்குச்சி விரலைச் சுடும்வரை
பார்த்துக்கொண்டே நின்றான்.

மீதியை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்
என்றாள் அவள்,
கணக்கு நோட்டைப் பார்க்காமலே.