பாதை வரும்வரை

ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்தேன்.
"ஹலோ" என்றேன்.
மண்டபம் "லோ" என்றது.
ஒன்பதரைக்குத் தொடங்கவேண்டிய பரிசளிப்பு விழா.
இப்போது பத்தே கால்.
பிரதம அதிதி குருமண்வெளியில் ஏறிவிட்டாராம்.
பாதை நடு ஆற்றில்
ஆற்றுவாழைக்குள் இறுகி நிற்கிறதாம்.
"பிள்ள, எதையாவது சொல்லிச் சமாளி"
என்று காதுக்குள் சொல்லிவிட்டு
அதிபர் துறையடிக்கு ஓடினார்,
சால்வை ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம்.

எதையாவது.
கையில் பதினொரு பக்கப் பட்டியல்.
பெயர், தரம், பாடம், இடம்.
அதைத் தொட ஏலாது, அது அதிதிக்கு.
ஆகவே சபையோரே,
பட்டியலில் இல்லாததைச் சொல்கிறேன்.

கரப்பந்தாட்டம், மாகாணத்தில் இரண்டாமிடம்
என்று நான்காம் பக்கம் சொல்லும்.
வலையைப் பற்றி ஒரு சொல் இல்லை.
அது யதுஷிகாவின் அப்பா கழித்துப்போட்ட மீன்வலை.
பந்து பட்டால் செதில் உதிரும்.
திருகோணமலையில் புது வலைக்கு முன்னால் நின்று
"என்னடி இது, மணமே இல்ல" என்றாள்.
இறுதி ஆட்டத்தில் தோற்றதற்கு
இன்றுவரை அதுதான் காரணம்.

மூன்றாம் வரிசையில் எழுந்து
அவளே கும்பிட்டாள்.
சிரிப்பு அடங்கவில்லை. பாதையும் வரவில்லை.

உயர்தரம், கணிதப் பிரிவு, மூன்று ஏ, கோகுலரமணன்.
அவனுடைய கொப்பியை நான் பார்த்திருக்கிறேன்.
தொகையிடலின் நடுவில்
ஒரு கோடு சரேலென்று விளிம்புவரை ஓடும்.
அந்த இடத்தில்தான் யானை வந்தது.
வயற்காவல் பரணில்
டோச்சை வாயில் கவ்விக்கொண்டு எழுதுகிறவன்
இறங்கிப்போய் வெடி கொளுத்திவிட்டு வந்து
அடுத்த வரியை "எனவே" என்று தொடங்கியிருக்கிறான்.
அந்த "எனவே"க்கு
எந்தப் பரீட்சகரும் புள்ளி போடவில்லை.

வசந்தன் ஆடல்.
பன்னிரண்டு பேர் ஆடவேண்டியது.
போட்டிக்கு இரண்டு நாள் முன்பு
மாமரத்தால் விழுந்து நிரோமிகன் கட்டுப்போட்டுக் கிடந்தான்.
பதினொரு பேரும்
அவன் இடத்தை மூடாமலே ஆடினார்கள்.
அவன் கோல் வரவேண்டிய நேரத்தில்
காற்றில் ஒரு அடி.
நடுவர் அதைப் புதிய நுட்பம் என்று குறித்துக்கொண்டார்.
முதலிடம்.
நிரோமிகன், உனக்கும் ஒரு சான்றிதழ் இருக்குது,
எந்தக் காலால் வருவாயோ தெரியாது.

ஆற்றுவாழையில் தாள் செய்து
தேசிய மட்டம் போன பத்தாம் தரத்துப் பிள்ளைகளே,
இன்னும் நாலு கட்டு செய்திருந்தால்
அதிதி நேரத்துக்கு வந்திருப்பார்.

இதற்குப் பெற்றோர் பக்கம்
ஒரு குழந்தை பயந்து அழும் அளவுக்குக் கைதட்டல்.

என்னைப் பற்றி ஒன்றே ஒன்று.
ஏழாம் தரத்தில் பேச்சுப் போட்டி.
இதே மேடையில் "அவையோருக்கு வணக்கம்" என்றேன்,
பிறகு இறங்கிப் போனேன்.
மிச்சப் பேச்சு ஐந்து வருடமாய் என்னிடம்தான் இருந்தது.
நேரம் கிடைக்கவில்லை.
கிடைத்தது.

பாண்ட் திடீரென்று முழங்கிற்று.
டொக்டர் நகுலேஸ்வரி, இங்கே படித்தவர்,
முழங்கால்வரை நனைந்த சேலையோடு
செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தார்.
விளக்கேற்றினார்கள். காற்று ஒருமுறை அணைத்தது. மறுகா ஏற்றினார்கள்.

முதல் பக்கத்தை எடுத்தேன்.
"தரம் ஆறு, கணிதம், முதலிடம்,
சாமித்தம்பி கபிஷனன்."
யாரும் வரவில்லை.
"சாமித்தம்பி கபிஷனன்."
வாசல் பக்கம் ஒரு சலசலப்பு.
நாலைந்து பையன்கள், சேட்டில் பாசி, கையில் கயிற்றுத் தழும்பு.
அதில் சின்னவன் மேடைக்கு ஓடிவந்தான்,
படிக்குப் படி ஈரக் கால்.

சான்றிதழின் மூலையில் நீலமை கரைந்து
அவன் பெருவிரலுக்கு ஏறியது.
"மகன், நீதானே கயிற்று முனையில நிண்ட?"
"ஓம் மெடம். நேரம் போகுது எண்டு வந்தனாங்க."

அடுத்தது, தரம் ஆறு, விஞ்ஞானம்.
பட்டியலைப் பார்த்தேன், அவனைப் பார்த்தேன்.
"தம்பி, இறங்காத. நில்லு."