கேட்குமா

ரூவியில் மூன்றாம் மாடி. இரவு இரண்டு மணி.
ஏசி ரிமோட்டுக்கு நாங்கள் போட்ட சண்டையை
எதிர்வீட்டு பலூச்சிப் பெண்
புதுசாய்க் கல்யாணமானவர்கள் என்று நினைத்திருப்பாள்.
இருபத்திநாலு என்பேன். பதினாறு என்பார்.
எனக்கு மாதம் நின்று நாலு வருஷம்.
அவருக்கு அந்த மார்ச்சில் ஊசி போட்டு நிறுத்தியிருந்தார்கள்.

"அடிவயித்துல அடுப்பு மூட்டுறாங்க ஜெசி."
"காது மடல் வரைக்கும் ஏறும், அப்புறம் இறங்கிரும்.
ஈரத்துண்டைக் கழுத்துல போடுங்க."
முப்பது வருஷத்தில் முதல் தடவையாக
என்னிடம் தெரிந்துகொள்ள பெலவேந்திரனுக்கு ஏதோ இருந்தது.

முதல் வருஷம் எண் தரையோடு கிடந்தது.
புள்ளி மூன்று. புள்ளி இரண்டு.
மார்பு லேசாய்ப் பூரித்து
சட்டைப் பையின் பேனா நோகிறது என்று எடுத்து வைத்தார்.
தினம் மழித்தவர் வெள்ளிப் பூசைக்கு மட்டும் மழித்தார்.
அதுவும் தேவைப்படவில்லை.

பிறகு ஆறு. பத்தொன்பது.
மாத்திரை மாற்றினார்கள்: நாற்பத்தேழு.
விசா முடிய எழுபது நாள்.
கம்பெனி ஆள் ஊர்க் காற்று நல்லது என்றான்.

"மருந்து கேட்கலை" என்று மகளுக்குப் போனில் சொன்னேன்.
வைத்த பிறகுதான் உறைத்தது.
டாக்டர் புஷ்ராவின் தாளில் நோய் எதிர்க்கிறது என்று இருக்கிறது.
நம் பேச்சில் நோயின் மேல் குற்றமே இல்லை,
மருந்துக்குத்தான் காது மந்தம்.

"பட்டினி போட்டோம். அது பட்டினியில் பிழைக்கப் பழகிவிட்டது.
இனி எதைப் பிடுங்கினோமோ
அதையே ஒரே நாளில் அள்ளிக் கொடுப்போம்.
திணறட்டும். மறுபடி பட்டினி.
எல்லோருக்கும் கேட்காது.
எலும்பில் வலி இல்லாததால் உங்களிடம் சொல்கிறேன்."

எனக்குக் கை நடுங்கியது.
பர்காவில் கடலிலிருந்து உப்பெடுக்கும் ஆலைக்காரர்
அவர் சிரித்தார்.
"சவ்வு அடைச்சா நாங்களும்
தண்ணியைத் திருப்பித்தான் அடிப்போம் டாக்டர்.
சிலது பிழைக்கும்.
சிலதைக் கழற்றிப் போட்டுருவோம்."

ஒன்பதாம் நாள் லிஃப்டுக்கு நிற்காமல் ஏறி வந்தார்.
டாக்ஸிக்காரனோடு அரை ரியாலுக்குக் கத்தினார்.
நான் தேங்காய் திருகிக்கொண்டிருந்தபோது
பின்னாலிருந்து ஒரு கை.
யாரது என்று முதுகு கேட்டது.
வேண்டாம் என்று சொல்லவில்லை.
வேண்டும் என்பதும் வாயில் வரவில்லை.
துருவல் ஈரம் காயும்வரை அப்படியே நின்றோம்.

ஐம்பத்திரண்டு என்று வந்தது. அன்று நான் சாப்பிடவில்லை.
அடுத்த மாதம் முப்பது.
அதற்கடுத்து இருபத்தொன்று.
நர்ஸ் ஷம்ஸா தாளை நீட்டி "இஸ்திஜாபா" என்றாள்.
அரபியில் பதில் சொல்வதாம்.
யார், யாருக்கு என்று நான் கேட்கவில்லை.
எத்தனை நாளைக்கு என்றும்.

ஒவ்வொரு ஊசியிலும் நாலாவது வாரம் அடுப்பு திரும்பி வரும்.
நேற்று நானே பதினாறு வைத்தேன்.
போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டேன்.
ஏசி இரைச்சலில் அவர் என்னவோ சொன்னார்.
"என்னது? கேட்கலை."
"ஒண்ணுமில்ல. தூங்கு."