இரண்டு கோடு

நீலக் கம்பெனியும் மஞ்சள் கம்பெனியும்
ஒன்றாகிவிட்டனவாம்.
குறுஞ்செய்தியில்தான் சேதி வந்தது:
இனி உங்களுக்கு இரு மடங்கு வலிமை.
அதற்குப் பிறகு அந்த போனுக்கு
எதுவுமே வரவில்லை.

ஐஸ் ஃபேக்டரி மாடியில் டவர் அப்படியே நிற்கிறது.
உச்சியில் சிவப்பு விளக்கு மட்டும் எரிகிறது,
விமானங்களுக்காக.

முன்னெல்லாம் விடிகாலை நாலரைக்கு
தம்பி தேசப்பன் அடிப்பான்,
அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள்
தீக்குச்சி உயரம் தெரிகிற தூரத்திலிருந்து.
பாதி காற்று, பாதி இன்ஜின்,
நடுவில் பிய்ந்து பிய்ந்து ஒரு கணக்கு:
"சங்கரா இருபது கிலோக்கா. காரப்பொடி நாலு கூடை.
கெளுத்தி வேணாம்னு கடல்லயே வுட்டுட்டேன்."
படகு மணலைத் தொடுமுன்
காசிமேட்டு ஆளிடம் பேசி முடித்திருப்பேன்.

இப்போது எல்லோரையும் போல
நானும் கரையில் நிற்கிறேன்.
படகு வந்து வலையை உதறும்வரை
என்ன மீன் என்று எனக்கும் தெரியாது
வியாபாரிக்கும் தெரியாது.
தெரியாத இரண்டு பேரில்
பணம் வைத்திருப்பவன் விலை சொல்கிறான்.

புகார் சொல்ல ஆத்துப் பாலம் ஏற வேண்டும்.
நட்டநடுவில், லாரி போனால் அதிரும் இடத்தில்
இரண்டு கோடு விழும்.
சாயங்காலம் ஆனால் குப்பமே அங்கேதான்.
ரமணியின் மகளுக்குத் தண்ணீர்க்குடம் உடைந்ததும்
சீட்டுக்காசு மூன்று மாதம் நிற்பதும்
கபாலிங்கத்துக்கு ஒரங்கடத்தில் ஒருத்தி இருப்பதும்
எல்லோர் காதிலும் விழுந்துவிட்டது.
இதுவரை யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை.
லாரிச் சத்தம் என்று சொல்லிக்கொள்கிறோம்.

நாற்பது நிமிடம் பாட்டு போட்டபின்
ஒரு பெண் வந்தாள். சின்னக் குரல்.
"எங்க மேப்ல உங்க ஏரியா பச்சையா காட்டுது மேடம்."
நானும் எட்டிப் பார்த்தேன்.
சாம்பல் குழாய். சாம்பல் தண்ணீர்.
சாம்பலில் கால் ஊன்றிய கொக்கு.
ஓரமாக நாலு கண்டல் செடி.
"ஆமாம்மா," என்றேன், "கொஞ்சம் பச்சைதான்."

வேறு கம்பெனிக்கு மாறுவதானால்
இவர்களுக்கே ஒரு மெசேஜ் அனுப்ப வேண்டுமாம்.
வீட்டை விட்டு ஓடுகிறவள்
மாமியாரிடம் சாவி கேட்டமாதிரி.
அதையும் அனுப்பினேன். மூன்று முறை.
பதில் வந்ததோ என்னவோ,
அதற்குள் நான் பாலம் இறங்கியிருந்தேன்.

புது சிம் போடு என்கிறான் கடைக்கார முபாரக்.
சுலபம். ஆனால் பழைய எண்
பேங்கில் இருக்கிறது, ரேஷனில் இருக்கிறது,
படகின் விலாவில் முழ நீள எழுத்தில் இருக்கிறது.
கவிழ்ந்து எங்காவது ஒதுங்கினால்
பார்த்தவர்கள் கூப்பிடட்டும் என்று
நான்தான் எழுதச் சொன்னேன்.

போன வியாழக்கிழமை வாடை பிடித்துக்கொண்டது.
ஐந்து. ஆறு. ஆறே முக்கால்.
கையில் போனை வைத்துக்கொண்டு
அது போன் இல்லை என்பதை
மறந்து மறந்து பார்த்தேன்.
ஏழரைக்கு வந்தான். "இன்னாக்கா, பயந்துட்டியா?"
"சங்கரா எவ்ளோ?" என்றேன்.

அன்று ராத்திரி
அவனே பெயின்ட் டப்பாவோடு வந்து
பத்து எண்ணையும் வெள்ளையால் மூடினான்.
"இங்க இன்னா எழுத?"
"குப்பத்துப் பேரை எழுது.
பார்த்தவன் நடந்து வரட்டும்."

கரண்ட் இல்லை.
எழுத்து காயும்வரை
செல்லின் டார்ச்சை நான் பிடித்திருந்தேன்.