இரவு 11.47, கல்யாண் ஸ்லோ

பைகுலாவில் ருதுஜாவின் ஹெட்போன் சார்ஜ் இறங்கிச் செத்தது.
அவள் நிறுத்தவில்லை. பாட்டு வெளியே வந்து
பெண்கள் பெட்டி முழுக்க நடந்தது.
தெரிந்த பாட்டுதான். கடையில்
லிப்ஸ்டிக் அடுக்கும்போது நாளைக்குப் பதினாறு தடவை
கேட்கிறேன். இங்கிலீஷ்.
இடுப்புக்கு மட்டும் புரிந்த பாட்டு.

"என்னதாஞ் சொல்லுதா அவ?" என்றாள் இசக்கியம்மாள்.
ஃபோர்ட்டில் மூன்று ஆபீஸ் துடைத்துவிட்டு
மடியில் பூண்டு உரித்துக்கொண்டு வருகிறவள்.

நான் ருதுஜாவிடம் இந்தியில் கேட்டேன்.
அவள் பக்கத்துப் பெண்ணிடம் மராத்தியில் சரிபார்த்தாள்.
மூன்று பாஷை இறங்கி என்னிடம் வரும்போது
இவ்வளவுதான் மிஞ்சியிருந்தது:
லேட்டாத்தான் வருவேன். ஏன்னு கேக்காத.

"அவ்வளவுதானா?"
தோலை ஜன்னல் பக்கம் ஊதினாள்.
"இதுக்கா இந்த மோளம்?
நானுந்தான் தெனம் லேட்டா வாறேன்."

நானும்தான்.
கதவருகே தடி ஊன்றி நிற்கும் ஹோம்கார்டும்கூட
எங்களால் லேட்டாகிறவர்.

பரேல். தாதரில் ஒருத்தி தூங்கும் பிள்ளையோடு ஏறினாள்.

மாட்டுங்காவில் மறுபடி கேட்டாள்:
"எங்க போயிட்டு லேட்டா வாறாளாம்?"

ருதுஜா தோளைக் குலுக்கினாள்.
அது பாட்டில் இல்லை.
ஓவர்டைம் என்று இல்லை. மழை என்று,
வண்டி ரத்து என்று,
அம்மாவுக்கு மாத்திரை வாங்கப் போனேன் என்று,
துணைக்கு ஒருத்தி இருந்தாள் என்று
ஒரு வரி இல்லை.

என் போனில் அண்ணனுக்கு
அடித்து வைத்து இன்னும் அனுப்பாத மெசேஜ்:
ஸ்டாக் எண்ணினோம், மேனேஜர் விடல.

எட்டரைக்கே விட்டுவிட்டார்கள்.
மரைன் டிரைவ் சுவரில் உட்கார்ந்திருந்தேன்.
ஒரு சோளம் தின்றேன்.
யாரும் வரவில்லை.
வரவேண்டியவர் என்று யாரும் இல்லை.
கடல் இருட்டில் சரியாகத் தெரியக்கூட இல்லை.
இதை எந்த அண்ணனுக்கு
எப்படி அடிப்பது?

இசக்கியம்மாள் கை நின்றிருந்தது.
"காரணமே சொல்லலியா,"
உப்புப் பார்க்கிற மாதிரி
நாக்கில் வைத்து, மெதுவாக.

வண்டி வேகம் குறைந்தது. பையை எடுத்தேன்.
"அந்தப் புள்ளைகிட்ட இன்னொரு மட்டம் போடச் சொல்லு."
"சயான் வந்துட்டுக்கா."
"வரட்டும்.
குர்லாவுல எறங்கித் திரும்பிக்கிடலாம்."