பேச முடியணும், பாட முடியக்கூடாது

ஸ்டான்லியில் தையல் பிரித்த பிறகு
பெனசீர் மேடம் சொன்ன கணக்கு:
"வேகமா நடங்க. ஓடக்கூடாது.
நடக்கும்போது பேச முடியணும்,
பாட முடியக்கூடாது.
அதான் அளவு."

பாடுகிற ஆள் இல்லை நான்.
பேச்சுத்துணைக்கும்
காலை ஐந்தே முக்காலுக்கு
எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் யார் இருக்கிறார்கள்.

துறைமுக கேட்டுக்காக
ராத்திரியிலிருந்து நிற்கும் ட்ரெய்லர்கள் இருக்கின்றன.
எண்களை வாய்விட்டு வாசித்தபடி நடக்கிறேன்.
டி.என். பதினெட்டு, நாலு மூணு ஒண்ணு ஆறு.
டி.என். நாலு, மீதி சேற்றில்.
ஏ.பி. முப்பத்தொன்பது...
எந்த எண்ணில் மூச்சு முறிகிறதோ
அங்கே வேகத்தைக் கொஞ்சம் குறைப்பேன்.

இருபத்திரண்டு வருஷம்
இதே வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.
ஒரு மீட்டர், க்ளட்ச்.
அரை மீட்டர், க்ளட்ச்.
இடது கால்தான் முதலில் மரத்தது.
பிறகு இடுப்பிலிருந்து சுண்டுவிரல் வரை
சுடுகம்பி இழுத்த மாதிரி.
ஸ்கேன் படத்தை டாக்டர் வெளிச்சத்தில் பிடித்தபோது
எனக்குத் தெரிந்தது
ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கிய கண்டெய்னர்கள்,
அடியில் ஒன்று
பிதுங்கிக்கொண்டு.

குனியக்கூடாது. குடம் தூக்கக்கூடாது.
தண்ணி லாரி ஹாரன் அடித்தால்
அமலோற்பவம் ஓடுகிறாள்.
பெல்ட்டை இறுக்கிக்கொண்டு மாடியில்
மேயர் மாதிரி நிற்கிறேன்.
அவள் நிமிர்ந்து பார்ப்பதில்லை.
அது கோபமா கருணையா
கேட்கவில்லை.

முதல் வாரம் ஐந்து நிமிஷம்,
ஐஸ் கம்பெனி வாசல்வரை.
இப்போது இருபது.
போன செவ்வாய் சாவி கீழே விழுந்துவிட்டது.
அதன் பக்கத்தில் காவலாள் போல நின்றிருந்தேன்.
சைக்கிளில் வந்த பையன் எடுத்துக் கொடுத்தான்:
"இன்னாண்ணா, காலைலியே போதையா?"
ஆமாம் என்றேன்.
முதுகெலும்பை விளக்குவதைவிட அது சுலபம்.

இன்றைக்கு ஒரு கேபினிலிருந்து
தேவசித்தம் தலை நீட்டினான்.
"இன்னா மச்சான், வண்டி இல்லாம எங்க ஓட்ற?"
"உன்ன ஓவர்டேக் பண்ணத்தான்!"
நடந்துகொண்டே கத்தினேன்.
மூச்சு அறுபடவில்லை.
மேடம் கேட்டிருந்தால் நோட்டில் எழுதியிருப்பார்.

மீன் வாடையும் டீசலும் கலந்த காற்றில்
பத்தாம் நிமிஷம் திரும்பினேன்.
வரிசை நகர்ந்திருக்கவில்லை.
கதவைத் திறந்துபோட்டு உட்கார்ந்து
இடது தொடையை
முஷ்டியால் குத்திக்கொண்டிருந்தான் தேவசித்தம்.

"எத்தினி நாளா?"

நிற்காமல் கேட்டிருக்க வேண்டும்.
பதினாறாவது நிமிஷம் அது.