எடை கூடிய கட்டு

ஜெபல் அலி, ஏழாம் எண் கிடங்கு.
ஆகஸ்ட் வெயிலில் முனகும் கூரை.
எடைமேடையில் நான்.
கட்டுக்கு நாற்பது பாளம், ஒரு கட்டு ஒரு டன்.
அன்று ஒன்று
ஆயிரத்து எண்பத்து நாலு காட்டியது.

குறைந்தால் திருட்டென்று எழுதத் தெரியும்.
கூடினால் என்ன எழுதுவது?

லியாவ் கொன் சின்னைக் கூப்பிட்டேன்.
சரக்கு அவருடையது.
டிராகன் மார்ட் கடைக்காரர் முதல்
சோனாப்பூர் கொத்தனார் வரை
சீனர்களுக்கு அவர்தான் சங்கத் தலைவர்.
பாஸ்போர்ட் சிக்கினாலும் பிணம் சிக்கினாலும்
முதலில் அவர் போன்தான் அடிக்கும்.

பிறந்தது கம்பார்.
அம்மா டூலாங் தட்டோடு
இடுப்பளவு நீரில் ஈயமணல் அரித்தவள்.
விலை விழுந்த வருஷம்
கூலி பாக்கியோடு முதலாளி ஓடிப்போக,
கணக்குப்பிள்ளையான இவர்
சைக்கிளை விற்று
ஆளுக்குப் பத்து வெள்ளி கொடுத்தாராம்.
அந்த ஊர்த் தமிழ் இன்னும் நாக்கில் இருக்கிறது.
திர்ஹாமையும் வெள்ளி என்றே எண்ணுவார்.

அவர் தீர்க்கிற வழக்கு
ஈயம் பூசின மாதிரியும் இருக்கும்,
பூசாத மாதிரியும் இருக்கும்.
இரண்டு தரப்பும் தான் ஜெயித்ததாக நினைத்து
கரக் சாயா குடித்துவிட்டுப் போகும்.

அன்று பூச இடமில்லை.

சங்கத்து ஆட்கள் பத்துப் பேர்.
கிடங்குச் சாவி வைத்திருக்கும்
தங்கை மகன் ஆ ஹோங்.
பாளங்களின் ஓரத்தை உளியால் சீவச் சொன்னார்.
முதல் துண்டை என் காதருகே பிடித்து வளைத்தார்.
கிரீச்.
"வெள்ளீயம் தம்பி. வளைச்சா அழும்."

அடுத்த துண்டு.
வெண்ணெய் மாதிரி வளைந்தது.
சத்தமே இல்லை.

அப்படி ஆறு பாளம்.
அதே அச்சு, அதே முத்திரை, உள்ளே காரீயம்.

யாரும் யாரையும் பார்க்கவில்லை.
ஆ ஹோங் தன் செருப்பைப் பார்த்தான்.
ஹக்காவில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார் லியாவ்;
எனக்குப் புரியவில்லை,
புரிந்தவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள்.
வாங்கினவனுக்கு ஆறு நல்ல பாளம்
என் கணக்கில் எழுது, என்றார் என்னிடம்.
சங்கத்து முத்திரையைச் சிவப்பு மைப்பெட்டியோடு
எடைமேடை ஓரத்தில் வைத்தார்.
எடுக்க ஒருவரும் வரவில்லை.
கிடங்கு பூட்டும்போதும் அங்கேயே இருந்தது,
எடை முந்நூறு கிராம்.

வெள்ளிக்கிழமை விமான நிலையத்துக்கு
நான்தான் வண்டி ஓட்டினேன்.
மருமகனின் பெட்டியை அவரே தள்ளினார்,
தங்கைக்கு இரண்டு கிலோ பேரீச்சை
அதில் சொருகினார்.

திரும்பும்போது பேச்சில்லை.
சட்டைப் பையிலிருந்து
அந்த வெள்ளீயத் துண்டை எடுத்து
சிக்னலுக்குச் சிக்னல் வளைத்துக்கொண்டிருந்தார்.
பிறகு ஏ.சி.யை அணைக்கச் சொன்னார்,
சரியாகக் கேட்கவில்லையாம்.